138ஆம் எண் அட்டை

தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைக்கும்போதுதான் நம் வீடுகளில் உள்ள பழைய சாமான்கள் வெளிச்சத்தைப் பார்க்கும். 2020ஆம் ஆண்டு தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கையில், எங்கள் தாமானில் பின்வரிசை வீட்டு ஆன்ட்டி முகக்கவசத்தோடு எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு சதுர பிஸ்கட் டின்.

"தம்பி, ரேடியோவுல பேசினியே, வீட்டுல பழைய கார்டு இருந்தா குப்பையில போடாதீங்கன்னு. இது மகன் சின்ன வயசுல சேர்த்தது. போன் போட்டுக் கேட்டேன், தூக்கிப் போடுங்கம்மான்னு சொல்லிட்டான். நீ பாரேன்."

ஆன்ட்டியின் மகன் சிங்கப்பூரில் வேலை. ஜோகூர் பாலம் மூடியிருந்த காலம் அது. எட்டு மாதமாக அவர் வீட்டுக்கு வரவில்லை. அந்தத் தீபாவளிக்கும் வர வழியில்லை.

ரேடியோவில் நான் அப்படிப் பேசியது உண்மைதான். காலை நிகழ்ச்சியில் பேச்சு எங்கோ போய், விளையாட்டு அட்டைகள் விலை ஏறிக்கிடக்கும் செய்தியில் வந்து நின்றது. இதில் எனக்குச் சொந்த ஆர்வமும் உண்டு. பத்து வயதில், 1998 உலகக் கிண்ணத்துக்கு வந்த பனினி ஸ்டிக்கர் ஆல்பத்தை நிரப்பப் பள்ளிக் கேண்டீன் காசையெல்லாம் கரைத்தவன் நான். ஆல்பம் கடைசிவரை நிரம்பவில்லை. வளர்ந்து, சம்பளம் வாங்க ஆரம்பித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் பழம்பொருள் சந்தையில் சுற்றும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. சும்மா பொழுதுபோக்கு.

அது பொழுதுபோக்காக இல்லாமல் போனது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு. வானொலிச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஆனால் என் காடித் தவணையைக் கட்டியது அந்தச் சம்பளமல்ல, கல்யாணங்களிலும் விருந்துகளிலும் மைக் பிடித்து வந்த வருமானம். 2020 மார்ச் 18க்குப் பிறகு கல்யாண மண்டபங்கள் பூட்டிக்கிடந்தன. உலகம் முழுக்க மனிதர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து பழைய பெட்டிகளைத் திறந்த நேரமும் அதுதான். ஏப்ரலில் மைக்கல் ஜோர்டனைப் பற்றிய 'தி லாஸ்ட் டான்ஸ்' ஆவணத் தொடர் வந்தது. அதற்கு முன்பே, ஜனவரி 26இல், கோபி பிரயண்ட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்திருந்தார். கூடைப்பந்து அட்டைகளின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. 1986இல் பிளீர் நிறுவனம் வெளியிட்ட ஜோர்டன் அட்டை, 10 தரம் பெற்றது, 2021 ஜனவரி கடைசியில் 7 லட்சத்து 38 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. உள்ளங்கையில் அடங்கும் அட்டைக்கு!

அந்த '10' என்ற எண்ணைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழில் புரியாது.

அட்டையை அப்படியே விற்றால் அது 'ரா கார்டு'. அதைத் தரம் பார்க்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், அவர்கள் நான்கு விஷயங்களைப் பார்ப்பார்கள்: படம் நடுவில் அமைந்திருக்கிறதா, நான்கு மூலைகளும் கூராக இருக்கின்றனவா, ஓரங்கள் வெள்ளை தட்டாமல் இருக்கின்றனவா, மேற்பரப்பில் கீறலோ அச்சுக் கறையோ உண்டா. அப்போதைய விதிப்படி முன்பக்க ஓரம் ஒரு புறம் 60, மறுபுறம் 40 என்பதைத் தாண்டிச் சாய்ந்திருந்தால் 10 கிடைக்காது. மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தாலும் கிடைக்காது. பார்த்து முடித்ததும் 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்புவார்கள். அதைத்தான் 'ஸ்லாப்' என்கிறோம். 9க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விலையில் மட்டும் பல மடங்கு தெரியும்.

இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்? கலிபோர்னியாவில் இருக்கும் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1991இல் தொடங்கியது. அவர்கள் முதல் சான்றிதழ் எண் கொடுத்த அட்டை, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரருடையது. 1909க்கும் 1911க்கும் இடையே சிகரெட் பெட்டிகளோடு வந்த வரிசையைச் சேர்ந்தது. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு அதை ஏலத்தில் எடுத்திருந்தார். தரம் 8 என்று முத்திரை விழுந்தது. அதை முன்பு வாங்கி விற்ற வியாபாரி பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய அட்டைக்கு எண்ணே கொடுக்கக் கூடாது என்பதுதான் விதி. முதல் சான்றிதழே அப்படி ஆகிவிட்டது. ஆனாலும் நாங்கள் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். வாங்குபவர் அட்டையைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார்.

ஆன்ட்டியின் டின்னுக்கு வருகிறேன்.

ஐந்து வெள்ளியம் வீட்டுத் திண்ணையில் வைத்துத் திறந்தேன். உள்ளே ஏழெட்டுக் கட்டுகள். ஒவ்வொரு கட்டுக்கும் ரப்பர் பேண்டு. ரப்பர் பேண்டைப் பார்த்தாலே எங்களைப் போன்றவர்களுக்கு வயிறு கலங்கும். ஓரத்தில் பள்ளம் விழும், வெயில் காலத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் அடிபடுவது கட்டின் மேல் அட்டையும் கீழ் அட்டையும்தான். நடுவில் இருப்பவை தப்பிக்கும்.

ஒரு கட்டில் மேலே ஜோர்டன். 1996-97 டாப்ஸ் வரிசை, எண் 139. மூலைகள் நான்கும் தேய்ந்து, நடுவில் ஒரு மடிப்பு, பின்பக்கம் நீலப் பேனாவில் கோணல்மாணலாக மகனின் பெயரும் வகுப்பும். அந்தப் பையன் அதை எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பான், எத்தனை பேரிடம் காட்டியிருப்பான் என்பது மூலைகளில் தெரிந்தது. நான் மற்ற அட்டைகளைத் தள்ளிக்கொண்டே போனேன். கட்டின் நடுவே, யாரும் தொடாத மாதிரி, எண் 138. கோபி பிரயண்ட். லேக்கர்ஸ் அணியில் சேர்ந்த முதல் ஆண்டின் அட்டை, அதாவது ரூக்கி கார்டு. 1996இல் அவர் பள்ளி முடித்து நேராக வந்த பதினெட்டு வயதுப் பையன். அவரைப் பெரிதாக நினைக்காமல் நடுவில் செருகியிருக்கிறான். அதனாலேயே அட்டை பிழைத்திருக்கிறது.

அதே வரிசையில் பளபளக்கும் குரோம் வகை ஒன்று உண்டு. அதுவாக இருந்திருந்தால் கதை வேறு. இது சாதாரண வகைதான், நிறைய அச்சடித்தது. இருந்தாலும் கைப்பேசி விளக்கில் சாய்த்துப் பார்த்தபோது கீறல் எதுவும் தெரியவில்லை. மூலைகள் ஊசி மாதிரி இருந்தன. ரா கார்டாக விற்றாலே அன்றைய சந்தையில் என்ன கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

குரல் மாறாமல் பேசுவது என் தொழில். வீட்டில் என்ன நடந்தாலும், காலை ஆறு மணிக்கு மைக் திறந்தால் உற்சாகமாக வணக்கம் சொல்லிப் பழகியவன். அன்றைக்கும் குரல் மாறவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. எல்லாத்தையும் சேர்த்து இருநூறு வெள்ளி தரவா?"

"இருநூறா? இந்தக் காகிதத்துக்கா?" என்று அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு டப்பா நிறைய முறுக்கு வந்தது. ரேடியோவில் பேசும் தம்பிக்கு என்று கொடுத்தனுப்பியிருந்தார். முறுக்கு நன்றாக இருந்தது. நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

கோபியை உறையில் போட்டு, மற்றவர்களின் அட்டைகளோடு சேர்த்து அனுப்பும் ஒருவர் மூலம் கலிபோர்னியாவுக்கு அனுப்பினேன். மூன்று நான்கு மாதம் என்றார்கள். உலகம் முழுக்க என்னைப் போன்றவர்கள் அனுப்பிய அட்டைகள் அங்கே மலைபோலக் குவிந்திருந்தன. முந்தைய மூன்று மாதங்களில் வந்ததைவிட மூன்றே நாளில் அதிகமாக வந்துவிட்டது என்று சொல்லி, 2021 மார்ச் கடைசியில் பி.எஸ்.ஏ. பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்தது. என் அட்டை ஓராண்டு கழித்து, நவம்பரில் வந்தது. தரம் 9. எங்கே ஒரு புள்ளி போனதென்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். பின்பக்கம் ஓர் ஓரத்தில் தூசு அளவு வெள்ளை.

அதற்குள் சந்தை இறங்கியிருந்தது. பிப்ரவரியில் அதே தரத்து அட்டை இரண்டு மடங்கு விலைக்குப் போனதைப் பார்த்திருந்தேன். 7 லட்சத்து 38 ஆயிரம் டாலருக்குப் போன அந்த ஜோர்டன் அட்டையின் நிலையும் அதுதான். அடுத்த ஆண்டு அதே தரத்தில் 2 லட்சம் டாலரையொட்டி விற்றது. நான் காத்திருக்கவில்லை. இணையத்தில் போட்டு 1,900 வெள்ளிக்கு விற்றேன். இரண்டு மாதக் காடித் தவணை அதில் போனது.

யாருக்கும் இதில் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆன்ட்டி கேட்டதற்கு மேல் கொடுத்தேன், அவர் குப்பையில் போட இருந்தது, தரம் பார்க்க அனுப்பும் அபாயம் என்னுடையது, விவரம் தெரிந்தவனுக்கு விவரத்துக்கான கூலி. ஒவ்வொன்றும் சரியான வாதம்தான். ஆனால் விவரம் தெரியாமல்தான் அவர் என்னைத் தேடி வந்தார். விவரம் சொல்வதாக ரேடியோவில் சொன்னவன் நான். கடைக்காரன் வேறு, நான் வேறு. பின்வரிசை வழியாகக் காடி ஓட்டுவதைத் தவிர்க்க ஆரம்பித்தேன். சுற்றிப் போனால் இரண்டு நிமிடம்தான் அதிகம்.

2022 தீபாவளிக்குப் பாலம் திறந்து, அவர் மகன் ஊருக்கு வந்திருந்தார். திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைப்பு. போகாமல் இருக்க முடியாது. தட்டில் பிரியாணியோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து அமர்ந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர்.

"தம்பி, அந்த டின்னுல கோபி ஒண்ணு இருந்திருக்கணுமே?"

சாப்பாடு தொண்டையில் நின்றது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தயாராகவும் இருந்தேன், அதை மறைக்கப்போவதில்லை. அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி வந்து, "நல்லா சாப்பிடுய்யா" என்று இன்னொரு கரண்டி கோழி வைத்தார்.

"இருந்துச்சு அண்ணே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு வித்தேன்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "கிரேடிங், தபால், கமிஷன் எல்லாம் கழிச்சியா?" மனிதர் கணக்காளர்.

"கழிச்சா ஆயிரத்து நானூறு வரும். அம்மாவுக்குக் கொடுத்த இருநூறையும் கழிச்சா ஆயிரத்து இருநூறு."

"அப்ப அம்மாகிட்ட அறுநூறு கொடுத்துடு. அலைஞ்சது நீ." அதோடு முடியவில்லை. "தூக்கிப் போடச் சொன்னது நான்தான். ஆனா அம்மா உன்னை நம்பி வந்தாங்க." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் உறையில் போட்டு எடுத்துப்போனேன். ஆன்ட்டியிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவருக்கு அட்டை, தரம், டாலர் எதுவும் பிடிபடவில்லை. நான் அப்போது பொய் சொன்னேன் என்பது மட்டும் பிடிபட்டது. "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே தம்பி" என்றார். உறையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். எண்ணிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது மகன் கேட்டார்: "அந்த ஜோர்டன் என்னாச்சு? என் பேர் எழுதியிருக்குமே."

விற்க முடியாத அட்டைகளோடு அதுவும் என் அலமாரியில்தான் இருந்தது. ஓடிப்போய் எடுத்து, பழக்கதோஷத்தில் உறையில் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக்கில் செருகிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் பிளாஸ்டிக்கைக் கழற்றி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்டையைப் பணப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் திணித்தார். மூலை மடங்கும் என்று வாய் வரை வந்தது.

அதன் பிறகு நான் அட்டை வாங்குவதை நிறுத்தவில்லை. யாராவது பெட்டியைக் கொண்டுவந்தால் முதலில் சந்தை விலையைக் காட்டிவிடுகிறேன். பாதிப் பேர் பெட்டியைத் திரும்ப எடுத்துப் போய்விடுகிறார்கள், வியாபாரம் மந்தம்தான். இப்போது நேரலையில் பெட்டி உடைத்து, ஓர் அணிக்கு இவ்வளவு என்று பங்கு விற்கும் கூத்து இங்கேயும் வந்துவிட்டது. அதற்குப் பதில் நாலு நம்பர் எடுக்கலாம், அங்கேயாவது பரிசு எவ்வளவு என்று எழுதிப் போட்டிருப்பார்கள்.

சந்தை மறுபடி ஏறியிருக்கிறது. 2022இல் மிக்கி மேண்டலின் 1952ஆம் ஆண்டு அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது. 2025 ஆகஸ்டில் அதையும் தாண்டி, ஜோர்டனும் கோபியும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரே ஓர் அட்டை 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. செய்தியைப் படித்ததும் அண்ணனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. பணப்பை, அதில் பாதி வெளியே தெரியும் ஜோர்டன். மூலைகள் இப்போது நன்றாக உருண்டுவிட்டன.

"இது எவ்வளவு போகும்?" என்று கேட்டிருந்தார்.

1 கிடைத்தாலே அதிர்ஷ்டம் என்று பதில் போட்டேன்.