பூட்டு இருக்கிறதா, பூட்டுகிறதா?

2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கிய செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த கப்பல், 640 கன்டெய்னர்களோடு சாய்ந்து கடலுக்குள் போய்விட்டது. நல்ல வேளையாக அதிலிருந்த 24 பேரும் பிழைத்தார்கள். பல பெட்டிகள் கேரளக் கரையில் ஒதுங்கின. குருணை மாதிரியான பிளாஸ்டிக் மணிகள் நம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை வரை வந்து சேர்ந்தன.

அந்த வாரம் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டிலும் இதே பேச்சுதான். "அவ்ளோ பெரிய பெட்டிய ஒழுங்கா கட்டி வெக்க மாட்டானுங்களா?" என்று ஒரு மீன்கார அம்மா கேட்டார். கப்பலே மூழ்கும்போது எந்தக் கட்டும் உதவாது என்பது வேறு விஷயம். ஆனாலும் கேள்வி நியாயமானது. எதை வைத்துக் கட்டுகிறார்கள்? அந்தக் கட்டு சரியாக இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

எனக்கு இதெல்லாம் தெரிந்தது எங்கள் மாடி வீட்டுப் பையனால். கன்டெய்னர் கப்பலில் டெக் வேலை செய்கிறான். லீவில் வந்தால் என்னோடு உட்கார்ந்து பேசாமல் போகமாட்டான். அவன் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கன்டெய்னரை உற்றுப் பார்த்தால் எட்டு மூலையிலும் நீள்வட்டத் துளை போட்ட இரும்புக் கட்டை ஒன்று தெரியும். ஒரு பெட்டியின் மேல் இன்னொரு பெட்டியை வைக்கும்போது நடுவில், நான்கு மூலைக்கும் ஒன்றாக, ட்விஸ்ட் லாக் என்ற பூட்டு வரும். கையில் எடுத்தால் ஐந்தாறு கிலோ இருக்கும். துளைக்குள் நுழைந்ததும் அதன் தலை திரும்பிக்கொள்ளும். மறுபடி திருப்பினால்தான் வெளியே வரும். பிரெஞ்சில் இதற்கு 'வெரூ தூர்னான்' என்று பெயர், சுழலும் தாழ்ப்பாள் என்று அர்த்தம். அமெரிக்காவில் 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்பவர் 58 பெட்டிகளைக் கப்பலேற்றி இந்தத் தொழிலைத் தொடங்கினார். பூட்டை வடிவமைத்தவர் அவரிடம் வேலை பார்த்த கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்தது 1983ல். நம் நாட்டிலேயே கன்டெய்னருக்கென்று தனியாக அமைந்த முதல் முனையம் அதுதான்.

கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் பெட்டிகளைச் செங்குத்தான இரும்புச் சட்டங்கள் பிடித்துக்கொள்ளும். மேல்தளத்தில் அடுக்கியவற்றுக்குப் பூட்டும், குறுக்காகப் போடும் இரும்புக் கம்பியும்தான் துணை. கம்பியை லாஷிங் ராடு என்பார்கள். அதை இறுக்கும் திருகு டர்ன்பக்கிள். நிறைசுமையோடு ஒரு பெட்டி 30 டன் வரை இருக்கலாம். அப்படி ஆறு, ஏழு பெட்டி உயரம் அடுக்கி, கப்பல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளும்போது, அடிப் பூட்டு ஒரு பக்கம் நசுங்கும், மறு பக்கம் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். மேல்தளத்தில் ஆயிரம் பெட்டி என்றால் நாலாயிரம் பூட்டு. அத்தனையும் உப்புக் காற்றிலேயே கிடக்கின்றன.

சோதனை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பையன் விரல் விட்டு எண்ணினான். பூட்டின் ஸ்பிரிங் தள்ளினால் திரும்பி வருகிறதா, தலைக்கும் தண்டுக்கும் நடுவில் விரிசல் உண்டா, இழுக்கும் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டர்ன்பக்கிள் மரையைச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும். ராடு வளைந்திருந்தால் ஒதுக்க வேண்டும். தளத்தோடு வெல்டிங் செய்த வளையங்களில், கொக்கி உரசும் இடம் தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலே பூசிய துரு வேறு, இரும்பையே தின்ற துரு வேறு. பெயின்ட் அடித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னான். சில பூட்டுகளில் கைப்பிடி இடப்பக்கம் இருந்தால் பூட்டியதாக அர்த்தம், சிலவற்றில் வலப்பக்கம். இரண்டு வகையும் ஒரே கப்பலில் கலந்துவிட்டால், கீழே நிற்கும் ஆளுக்கு எது பூட்டியது, எது திறந்தது என்றே தெரியாது. அதனால் வேறு வகை ஒன்று கண்ணில் பட்டாலும் எடுத்துத் தனி டிரம்மில் போட்டுவிட வேண்டுமாம்.

ஒவ்வொரு கப்பலிலும் இதற்கென்று ஒரு கையேடு உண்டு. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி வைத்தே ஆகவேண்டியது. எந்த வகைச் சாமான் எத்தனை, எப்படிப் பராமரிப்பது என்று அதில் இருக்கும். எப்போது பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அதாவது, ஸ்டாக் ரெஜிஸ்டர்!

இங்கேதான் என் போன்ற குமாஸ்தாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் வருடா வருடம் சாமான் கணக்கெடுப்பு நடக்கும். தீயணைக்க மணல் வாளி எட்டு என்று ரெஜிஸ்டர் சொல்லும். எட்டும் ஆணியில் தொங்கும். 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரையும் விழும். அதில் மூன்றுக்கு அடியே கிடையாது. எண்ணிக்கை சரி, வாளிதான் சரியில்லை.

ஒரு நாள் ராத்திரி பையன் கப்பலிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். அந்தக் கப்பலுக்கு ஒரு துறைமுகத்தில் சோதனை வரவிருந்தது. மேல்தளத்தில் பாதி இடம்தான் பார்த்திருந்தார்கள். முழுவதும் பார்த்ததாக எழுதிக் கையெழுத்து போடச் சொன்னார்களாம். "பெரியப்பா, நீங்க ஆபீஸ்ல இருந்தவரு. போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'கோன்ஸ்தா' என்று ஒரு சொல் உண்டு. நேரில் கண்டதை, கண்டபடி எழுதிவைக்கும் பதிவு. கேள்விப்பட்டதற்கும் இருக்கும் என்று நினைப்பதற்கும் அதில் இடமில்லை. அதைத்தான் அவனிடம் சொன்னேன். "பார்த்தது இத்தனை, பார்க்காதது இத்தனைன்னு எழுது தம்பி. அதுக்குக் கீழ கையெழுத்து போடு."

அப்படியே எழுதிக் கொடுத்தான். மேலதிகாரி முகம் சுளித்தார். ஆனால் காகிதத்தில் ஏறிவிட்டதால் மீதிப் பாதியையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஸ்பிரிங் போன பூட்டுகள் ஒரு டிரம் நிறையக் கிடைத்தன. அவை ரெஜிஸ்டரில் நல்ல நிலையில் இருந்தவை.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தவனை அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. காரணம் அதுதானா என்று யாரும் சொல்லவில்லை. ஐந்து மாதம் வீட்டில் இருந்தான். அவன் அம்மா என்னைப் பார்த்தால் பேசாமல் படியேறிப் போவார். ஒரு நாள் நின்று, "எல்லாரும் போடற கையெழுத்துதானே அண்ணே?" என்றார். வாடகை, தங்கையின் படிப்பு எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தது. "எல்லாரும் போடறதுதாம்மா. ஆனா அந்தப் பெட்டிக்குக் கீழ நடக்கிறது உன் பையன்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

2019 ஜனவரியில் எம்.எஸ்.சி. ஜோ என்ற கப்பல் வடகடலில் 342 பெட்டிகளை இழந்தது. 2020 நவம்பர் 30ல் பசிபிக்கில் ஒன் ஏபஸ் 1,816 பெட்டிகளை இழந்தது. இவற்றுக்குப் பூட்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அலையின் போக்கு, கப்பல் உருளும் விதம், எடையைத் தப்பாக எழுதுவது என்று பல உண்டு. 2016 ஜூலை முதல் எடை போடாமல் எந்தப் பெட்டியையும் ஏற்றக்கூடாது. 2026 ஜனவரி 1 முதல், கடலில் பெட்டி விழுந்தால் கப்பல் தலைவர் உடனே தெரிவித்தாக வேண்டும். அலையை நாம் மாற்ற முடியாது. பூட்டைத் திருகிப் பார்க்க முடியும்.

பையன் இப்போது வேறொரு கப்பலில் இருக்கிறான். போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒதுக்கிய பூட்டுகள் இருக்கும் டிரம், மேலே சிவப்பு பெயின்ட்டில் 'உபயோகிக்காதே'. படத்தை முதலில் காட்டியது அவன் அம்மாதான், என் வீட்டு வாசலில் வந்து நின்று.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ கப்பலில், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். நான் விட்டது ஏதாவது இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.