திருத்துவதா, விடுவதா?

பழுதுபட்ட பொருளொன்றைத் தன் கையாலேயே திருத்துவதா, அன்றி அதனை ஒதுக்கிவிட்டுப் புதியதொன்றை வாங்குவதா என்னும் வினா, அரைகுறையாகத் தொழில் தெரிந்தவனையே பெரிதும் அலைக்கழிப்பது. ஒன்றும் தெரியாதவன் நேரே கடைக்குப் போகிறான். முற்றத் தெரிந்தவன் பார்த்த மாத்திரத்தில் முடிவு சொல்லிவிடுகிறான். இவ்விருவருக்கும் இடையில் நிற்பவனே மேசை விளக்கின் கீழே, ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடேற்றுவதும் அணைப்பதுமாக இரவைக் கழிக்கிறான். கைக்கடிகாரமோ மேசை விசிறியோ ஆயின் அவன் எடுக்கும் முடிவு பிழைத்தாலும் நட்டம் சிறிது பணமும் சிறிது மானமுமே. வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் மாதிரி விமானத்தின் இலத்திரனியற் கருவியாயின் நிலைமை வேறு. அங்கே பிழைத்த முடிவு எவர் தலைமேல் வந்து விழும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது.

இவ்வினா எக்காலத்தும் இருந்ததன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலே வால்டர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் 1937 ஆம் ஆண்டில் வானொலியால் இயக்கப்படும் மாதிரி விமானமொன்றைப் பறக்கவிட்டனர். 'பிக் கஃப்' எனப் பெயர்பெற்ற அவ்விமானம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வசம் உள்ளது. சகோதரருள் ஒருவர் பௌதிகத்திலும் மற்றவர் வானொலியிலும் ஈடுபாடுடையவர். அவர்கள் செலுத்தியையும் தாமே கட்டினர். வாங்கியையும் தாமே கட்டினர். விழுந்து உடைந்தபொழுது திருத்துவதா விடுவதா என அவர்கள் தயங்கியிருக்க நியாயமில்லை. கட்டிய கைக்கன்றி வேறெந்தக் கைக்கும் அதன் உட்பொருள் தெரியாது. வாங்குதற்கு மாற்றுப் பொருளும் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிருந்த 1990 களின் யாழ்ப்பாணத்திலே, துவிச்சக்கரவண்டி டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்ட தலைமுறைக்கும் இந்நிலை புரியும். தயக்கம் என்பது மாற்றுப் பொருள் கடையில் கிடைக்கும் இடத்திலேதான் பிறக்கிறது.

பௌதிக ஆசிரியர் ஒருவரின் கதையில் அது பிறந்த விதம் சொல்லத் தக்கது. அவரிடம் மின்மோட்டர் பொருத்திய மிதவை விமானம் ஒன்று இருந்தது. இறக்கை நுனிக்கு நுனி 2 மீற்றர். எடை ஏறத்தாழ 1 கிலோகிராம். ஞாயிறு காலைகளில் ஊரின் விளிம்பிலுள்ள புல்வெளியில் அதனைப் பறக்கவிடுவார். ஒருநாள் காற்றின் போக்கைத் தவறாகக் கணித்தார். விமானம் மரக்கிளையில் மோதி மூக்குக் குத்தாக நிலத்தில் வீழ்ந்தது. இறக்கையும் உடலும் நுரைப்பொருளாலானவை, பசையால் ஒட்டியாயிற்று. எஞ்சியவை உள்ளே இருந்த கருவிகள்: கையிலுள்ள செலுத்தியின் சைகையை ஏற்கும் வாங்கி, அதன் ஆணைப்படி வாற்புறத் தட்டுகளை அசைக்கும் சேர்வோக்கள், மோட்டருக்கு மின்னை அளந்து கொடுக்கும் வேகக் கட்டுப்படுத்தி, பற்றரி.

பற்றரியைப் பற்றி அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. இலிதியம் பொலிமர் கலங்கள் மென்தாளில் பொதியப்பட்டவை. நசுங்கினாலோ உப்பினாலோ உட்படலங்கள் ஒன்றையொன்று தொட்டு வெப்பமேறித் தீப்பற்றக்கூடும். மோதிய உடனே அன்றிச் சிறிது நேரம் கழித்தும் அது நிகழலாம். ஆதலின் அதனை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருளெதுவும் அருகிலில்லாத இடத்தில் வைத்தார்; பின்னர் முறைப்படி அகற்றினார். திருத்துதல் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

சேர்வோவில் எதிர்மாறான தெளிவு இருந்தது. ஒன்றின் பற்சில்லுகள் தேய்ந்து உடைந்திருந்தன. சேர்வோ எளிமையானதொரு பொறி: சிறு மோட்டர், பற்சில்லுத் தொடர், அச்சின் நிலையை அளக்கும் மாறுந்தடை, இவற்றை ஆளும் சுற்று. 20 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை வரும் துடிப்பின் அகலம் 1 மில்லிசெக்கனாயின் ஒரு பக்கமும் 2 மில்லிசெக்கனாயின் மறுபக்கமும் புயம் திரும்பும், 1.5 ஆயின் நடுவில் நிற்கும். பற்சில்லுகள் தொகுதியாக விற்கப்படுகின்றன. நான்கு திருகுகளைக் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதை அடுக்கி, சிறிது மசகிட்டு மூடினால் வேலை முடிந்தது. எந்தப் பல் உடைந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மாற்றியபின் புயத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிப் பார்த்தால் தடக்கு இருப்பின் விரலே உணர்ந்துவிடும். பழுதும் மறைவதில்லை, திருத்தமும் மறைவதில்லை. மாணவர்க்கு முதலிற் கொடுக்கவேண்டிய திருத்த வேலை இதுவேயாகும். ஆயினும் இத்துறையில் இறங்கும் இளைஞர் பலர் இதனை விட்டுவிட்டு நேரே மின்சுற்றுப் பலகையில் கைவைக்கத் துடிப்பதுண்டு.

வேகக் கட்டுப்படுத்தியில் தெளிவு குன்றத் தொடங்கியது. அதிலுள்ள திரான்சிற்றர்களில் ஒன்று கருகியிருந்தது. விழுந்தபின்பும் மோட்டர் சுழல முயன்று, விசிறி மண்ணில் சிக்கியமையால் மின்னோட்டம் மிகுந்திருக்கவேண்டும். கருகியதை அகற்றி அதே வகையில் ஒன்றைப் பதிப்பது அவருக்கு முடியாத காரியமன்று. ஆனால் அதனருகே நின்று அதே வெப்பத்தைத் தாங்கிய ஏனையவை வெளித்தோற்றத்தில் நலமாயிருப்பினும் உள்ளே எந்நிலையில் உள்ளன? மேலும், இத்தகைய சிறு விமானங்களில் வேகக் கட்டுப்படுத்தி மோட்டருக்கு மட்டும் பணிசெய்வதன்று. பற்றரியின் அழுத்தத்தை 5 வோல்ற்று அளவுக்குக் குறைத்து வாங்கிக்கும் சேர்வோக்களுக்கும் ஊட்டுவதும் அதுவே. மோட்டர் நின்றால் விமானம் மிதந்து இறங்கும். அந்த ஊட்டம் நின்றால் வால் அசையாது, ஆணை செல்லாது, எவராலும் இறக்க முடியாது. இதனை எண்ணியதும் ஆசிரியர் கோலை அணைத்துவிட்டுப் புதியதொன்றுக்குப் பணம் அனுப்பினார். இங்கு அவரைத் தடுத்தது திறமைக் குறைவன்று; அப்பகுதி இல்லாதுபோனால் எஞ்சுவது யாது என்ற கணக்கே.

எஞ்சியது வாங்கி. அவரை உண்மையில் வருத்தியது அதுதான். உறை வெடித்திருந்தது. சேர்வோக் கம்பிகளைச் செருகும் முட்களின் அடியிலே ஈயப்பற்று மயிரிழைபோல் கீறியிருப்பது உருப்பெருக்குக் கண்ணாடியில் தெரிந்தது. இரு அன்ரெனாக் கம்பிகளுள் ஒன்று முனையில் அறுந்திருந்தது. இரண்டும் அவரால் திருத்தக்கூடியவை என்றே தோன்றின. புதிய வாங்கியின் விலை தாங்கமுடியாததன்று. ஆயினும் சில துளி ஈயத்துக்காக முழுப் பலகையையும் வீசுவது, ஆண்டுதோறும் மாணவர்க்குச் சுற்றுக்களைக் கற்பித்த அவருடைய மனத்துக்கு உவக்கவில்லை.

திருத்தத் தொடங்கியபொழுதே சிறு சிக்கல்கள் தலைகாட்டின. அவரிடமிருந்தது பழைய வெள்ளீய-ஈயக் கலவை; 183 பாகை செல்சியசில் உருகுவது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2006 யூலையில் நடைமுறைக்கு வந்ததன்பின் தொழிற்சாலைகள் பெரும்பாலும் ஈயமற்ற கலவைக்கு மாறிவிட்டன. அது உருக 217 பாகை அளவு வேண்டும். கோலின் சூடு போதாவிடின் புதிய ஈயம் உருகிப் பளபளக்க, அடியிலுள்ள பழையது உருகாமலே கிடக்கும். மேலே பார்ப்பவனுக்கு அது நல்ல இணைப்பு; அதிர்வு தொடும்வரை அது மின்னையும் கடத்தும். ஆசிரியர் பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார்.

அன்ரெனாவின் கதை இன்னும் நுட்பமானது. 35 மெகாஹேட்ஸ் மீடிறனில் பிரித்தானிய மாதிரி விமானிகள் பறந்த காலத்தில் வாங்கியின் அன்ரெனா ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளமான வெறுங்கம்பி. அறுந்தால் அதே நீளத்துக்கு ஒட்டிவிடலாம். 2.4 கிகாஹேட்ஸில் அலைநீளமே 12.5 சென்ரிமீற்றர்தான். கவசமிட்ட கம்பியின் முனையில் கவசம் நீக்கப்பட்டு நிற்கும் கால் அலைநீளம், அதாவது 31 மில்லிமீற்றர் அளவினதான துண்டே சைகையைப் பிடிக்கும் உறுப்பு. அதில் சில மில்லிமீற்றர் குறைந்தாலும், கவசத்தின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் வாங்கி செவிடாகத் தொடங்கும். ஆனால் மேசைமேல் அது தெரியாது. செலுத்தி ஒரு முழத் தொலைவில் இருக்கையில் அன்ரெனா அடியோடு இல்லாத வாங்கியும் சைகையைப் பிடித்துவிடும். திருத்தி முடித்தவர் செலுத்தியின் பிடியை அசைக்க, சேர்வோக்கள் அனைத்தும் கீழ்ப்படிந்து ஆடின. அந்த ஆட்டத்தைக் கண்டு மகிழாதவர் இருக்கமாட்டார். அதனைச் சான்றாகக் கொண்டு விமானத்தை மேலேற்றியவரும் உண்டு.

ஆசிரியர் அவ்வாறு செய்யவில்லை. செலுத்தியைச் சோதனைக்கான குறைந்த வலுவில் வைத்து, தயாரிப்பாளர் குறித்த தொலைவுக்கு நடந்தார். மோட்டர் ஓயாத நிலையிலும் ஓய்ந்த நிலையிலும் சோதித்தார். விமானத்தின் உடலைத் திருப்பித் திருப்பி வைத்துச் சோதித்தார். எங்கும் பிழை தென்படவில்லை. இதனோடு வினா தீர்ந்துவிடும் என்றே அவர் எதிர்பார்த்தார். தீரவில்லை. வாங்கியின் உள்ளே, நேரத்தை ஒழுங்குசெய்யும் மெல்லிய குவாட்ஸ் பளிங்கொன்று உண்டு. மோதலில் அது கீறியிருக்கலாம். கீறியபடியே ஒழுங்காக அதிர்ந்துகொண்டும் இருக்கலாம். சிறு சில்லுகளின் அடியில் உள்ள இணைப்புகளை உருப்பெருக்குக் கண்ணாடியாலும் காண முடியாது. குளிரில் விலகி வெப்பத்தில் சேரும் கீறலொன்று பத்துச் சோதனைகளில் ஒளித்துப் பதினோராவதில் வெளிப்படலாம். இருக்கும் பழுதைச் சோதனை காட்டும். ஒளித்திருக்கும் பழுது இல்லையென்று அது சத்தியம் செய்யாது.

நண்பர் ஒருவர் இதனைக் கேட்டு நகைத்தார். "புதிய வாங்கி மட்டும் பழுதாகாதோ, மாஸ்ரர்? இப்படிப் பயந்தால் நீங்கள் ஒன்றையுமே திருத்த ஏலாது" என்றார். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. புதியவையும் பழுதாவதுண்டு. ஆயினும் புதியது மரத்தில் மோதியதன்று, இதுவோ மோதியது. அவ்வேறுபாட்டுக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதே கேள்வி.

நிறையை ஆசிரியர் தாம் கற்பிக்கும் பாடத்திலிருந்தே எடுத்தார். 1 கிலோகிராம் திணிவு செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் வருமாயின் அதன் இயக்கசக்தி 112 யூல். அதே திணிவை ஏறத்தாழ 11 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடிக் கட்டடத்தின் மேலிருந்து போடுவதற்கு அது சமம். புல்வெளியின் கிழக்கு ஓரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று செல்கிறது. ஞாயிறு காலையில் அதன்வழியே பிள்ளைகள் நடந்து போவர். அவர்கள் வாங்கியைக் கண்டதுமில்லை, திருத்தத்துக்கு உடன்பட்டதுமில்லை.

மனித விமானங்களைப் பராமரிக்கும் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பறப்பை ஆளும் உறுப்புகளில் ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் தனித்துப் பரிசோதித்துக் கையொப்பமிட வேண்டும். செய்தவனின் நேர்மையை ஐயுற்று எழுந்த விதியன்று அது. தான் செய்ததைத் தானே பார்ப்பவன், தான் செய்ய எண்ணியதையே காண்கிறான். மாதிரி விமானம் பறக்கவிடுவோரும் அருகில் நிற்கும் ஒருவரிடம் பொறியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். நகைத்த நண்பரிடமே ஆசிரியர் கொடுத்தார். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பலகையைப் பார்த்தார். ஈயப்பற்றை மெச்சினார். பின்னர், "உங்கள் மகன் அந்தப் பாதையாலே போனால் இதைப் பறக்க விடுவீர்களோ?" என்று அவரே கேட்டுவிட்டார்.

வாங்கி குப்பைக்குப் போகவில்லை. பாடசாலையில் மாணவர் சிலர் பலகையாற் கட்டிய சிறு படகு ஒன்று, வாங்கிக்காகக் காத்திருந்தது. குளத்தில் படகு சொற்கேளாது போனால் காற்று அதனைக் கரைசேர்க்கும்வரை காத்திருக்கவேண்டும். அல்லது ஒருவன் நீந்தவேண்டும். அங்கே பழுது ஒளித்திருந்தாலும் குற்றமில்லை. வெளிப்பட்டால் அதனைத் தேடிப் பிடிப்பதே மாணவர்க்கு ஒரு பாடம். ஆசிரியர் வெடித்த உறையை ஒட்டி, அதன்மேல் அழியாத மையினால் 'விமானத்துக்கு அன்று' என எழுதினார். இத்தகைய பொருள்கள் கைமாறுவன; உடையவர் மறைந்தபின் பெட்டியோடு விலைபோவன; அடுத்து எடுப்பவனுக்கு அதன் வரலாறு தெரியாது. எழுத்து உலர்ந்தபின் மாணவன் ஒருவன் வாங்கியை இரப்பர் பலூன் ஒன்றினுள் நுழைத்து, நீர் புகாதவாறு வாயைக் கம்பிகளோடு சேர்த்து நூலால் இறுகக் கட்டினான்.