டண்டினொங் தண்ணீரும் பனம்பழச் சவர்க்காரமும்

யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து இறங்கியவர்களிடம் முதல் நாள் குளியலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் ஒரே கதைதான் சொல்லுவார்கள். "சோப் போகுதே இல்லை!" எவ்வளவு தண்ணீர் ஊத்தினாலும் உடம்பு வழுவழு எண்டு கிடக்கும். ஊரில் அரைக்கட்டி தேய்த்தால் வருகிற நுரை இங்கே ஒரு தடவலில் வந்துவிடும்.

காரணம் சோப் இல்லை, தண்ணீர். மெல்பேர்ணுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மனிதர் புழக்கம் இல்லாத மலைக்காடுகளில் சேரும் மழைநீர். டண்டினொங் உள்ள தென்கிழக்குப் பகுதிக்குக் கார்டினியா நீர்த்தேக்கம் முக்கியமானது. சுண்ணாம்பு அவ்வளவாகக் கலக்காத மென்மையான தண்ணீர். யாழ்ப்பாணமோ சுண்ணாம்புக்கல்லின் மேலே இருக்கிற ஊர். கிணற்றுத் தண்ணீரில் உள்ள கல்சியத்தோடு சோப் சேர்ந்து, வாளி விளிம்பில் வெள்ளைப் படையாய் ஒட்டிக்கொள்ளும். நுரைக்க வேண்டிய சோப்பில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். சோப் தாராளமாய்த் தேவைப்படுகிற ஊருக்கு சோப் வராமல் போனால் என்ன செய்வது? எங்கள் ஆட்களில் ஒரு தலைமுறை இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தே ஆகவேண்டி இருந்தது.

டண்டினொங் ஸ்ரேசனில் இறங்கி ஃபொஸ்ரர் வீதிப் பக்கம் நடந்தால் 'லிட்டில் இந்தியா'. சேலைக்கடை, நகைக்கடை, பலகாரக்கடை எல்லாம் நெருக்கமாக இருக்கும். இன்னும் கொஞ்சம் போனால் தோமஸ் வீதியில் ஆப்கான் கடைகள், சுடச்சுட நான் ரொட்டி. இந்த ஊரின் இந்திய, இலங்கை மளிகைக் கடைகளில் நான் எப்போதும் நின்று பார்ப்பது சோப் தட்டைத்தான். மெடிமிக்ஸ், சந்திரிகா, மைசூர் சண்டல் ஒரு பக்கம். ராணி சந்தன சோப், கொஹொம்ப, மஞ்சள் சன்லைட் கட்டி மறுபக்கம். யார் எந்த ஊர் என்று அவர்கள் கூடைக்குள் பார்த்தே சொல்லிவிடலாம்.

டண்டினொங் சந்தை 1866இல் தொடங்கியது. ஆடு மாடு விற்கிற சந்தையாகத்தான் அதன் பிறப்பு. அந்தக் காலத்தில் விக்ரோறியாவின் பண்ணை வீடுகளில் ஆட்டுக்கொழுப்பை உருக்கி, விறகுச் சாம்பலில் வடித்த காரநீரோடு காய்ச்சி வீட்டிலேயே சோப் செய்தார்கள். கடை தூரம், காசு குறைவு, கொழுப்பும் சாம்பலும் தாராளம். இன்று அதே சோப் மெல்பேர்ணின் வார இறுதிச் சந்தைகளில் லவெண்டர் வாசத்தோடு, சணல் கயிறு கட்டி, கட்டி பத்து டொலருக்குக் கிட்ட விற்கிறது.

ஒருமுறை என்னோடு வந்த வடமராட்சி அன்ரி ஒருவர் அப்படியொரு கட்டியை எடுத்து மணந்து பார்த்துவிட்டு வைத்தார். "தேங்காயெண்ணெயும் கோஸ்ரிக் சோடாவும்தானே பிள்ளை. இதுக்கே இந்த விலை?"

"தடைக்காலத்தில நீங்கள் வீட்டில சோப் போட்டனீங்களோ அன்ரி?"

"கோஸ்ரிக் இருந்தாத்தானே! எங்களுக்கு இருந்தது பனம்பழம்."

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு வடக்கின் மேல் விழுந்த பொருளாதாரத் தடையைப் பற்றி இளையவர்களுக்குச் சொல்லும்போது மண்ணெண்ணெயும் ஜாம் போத்தல் விளக்கும்தான் முதலில் வரும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட கதை அடுத்தது. சோப் கதை கடைசியில்தான் வரும், சில வீடுகளில் வராமலே போகும். ஊத்தை உடுப்பைப் பற்றிக் கதைக்க யாருக்குத்தான் விருப்பம்? ஆனால் வீட்டில் கைக்குழந்தை இருந்தவர்களுக்கும், மாதவிடாய்த் துணி தோய்க்க வேண்டியிருந்த பெண்களுக்கும் அது விளக்கை விடப் பெரிய பிரச்சினை. சவர்க்காரம் அரிதாயிற்று. கிடைத்தாலும் விலை கொழும்பு விலையின் பல மடங்கு.

சோப்புக்கு இரண்டு பொருள் வேண்டும்: எண்ணெய், காரம். தேங்காய் எண்ணெய் ஊரிலேயே ஆட்டலாம், என்றாலும் அது முதலில் சட்டிக்கும் விளக்குக்கும் போகும். கோஸ்ரிக் சோடாவோ தொழிற்சாலைச் சரக்கு. ஆனையிறவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தால்தான் உண்டு. அதனால் பெரும்பாலான வீடுகள் சோப் செய்யவில்லை. சோப்பின் வேலையைச் செய்யக்கூடிய வேறு எதையோ தேடின.

ஆடி ஆவணியில் பனம்பழம் விழும். "தோலை உரிச்சுப்போட்டு, தும்போட இருக்கிற கொட்டையை நனைச்ச உடுப்பில வைச்சுத் தேய்ப்பம். களியில நுரை வரும், தும்பு பிறஷ் மாதிரி ஊத்தையை எடுக்கும். பிறகு நல்லா அலசவேணும். வெள்ளைச் சட்டை கொஞ்சம் மஞ்சள் அடிக்கும். காயப்போட்டா காவலுக்கு ஆள் நிக்கவேணும், மாடு வந்து சப்பிப்போடும்!" என்றார் அன்ரி. பழவாசம் துணியை விட்டுப் போகாதாம்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. பனங்களியின் கசப்புக்குக் காரணமான ஃபிளபெலிஃபெரின் என்ற பொருள் சப்போனின் வகையைச் சேர்ந்தது. சீயக்காயிலும் பூவந்திக்கொட்டையிலும் நுரை தருவதும் சப்போனின்தான். தலைக்கு அரப்பு, செவ்வரத்தை இலை, இலுப்பைப் புண்ணாக்கு. பாத்திரத்துக்குச் சாம்பலும் தேங்காய்த்தும்பும். இவை எல்லாம் பாட்டி காலத்துச் சாமான்கள். கடைச் சோப் வந்ததும் கைவிட்டவற்றை மறுபடி தேடி எடுத்தார்கள்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாம்பல் காரத்தில் துணியை ஊறவைத்து வெள்ளாவி வைக்கிற அறிவு சலவைத் தொழிலாளர் குடும்பங்களிடம் இருந்தது. அவர்களைச் சாதி சொல்லித் தள்ளி வைத்த அதே வீடுகள்தான் தடைக்காலத்தில் 'சாம்பலில எப்பிடித் தோய்க்கிறது' என்று தெரியாமல் முழித்தன. 'எங்கட ஆட்கள் கெட்டிக்காரர்' என்று பெருமையடிக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

சவர்க்காரமும் பனையும் யாழ்ப்பாணத்தில் முன்பே சேர்ந்திருந்தன என்பது இன்னொரு வேடிக்கை. மில்க்வைற் சவர்க்காரத் தொழிலகத்தின் க. கனகராசாவை ஊர் இன்றும் நினைப்பது சோப்புக்காக மட்டும் இல்லை, பனங்கொட்டை நடவைத்ததற்காகவும்தான்.

2020 மார்ச்சில் மெல்பேர்ண் சுப்பர்மார்க்கெட்டுகளில் கைகழுவும் திரவம் தீர்ந்து தட்டுகள் வெறுமையானபோது, இங்கே வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் சோப் செய்வது எப்படி என்று தேடத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டிலும் செய்தோம். ஊரில் கிடைக்காத கோஸ்ரிக் இங்கே வன்பொருள் கடையில், வடிகால் சுத்தம் செய்கிற சாமான்களுக்குப் பக்கத்தில் இருக்கும். வேறெதுவும் கலக்காத சுத்தமான சோடியம் ஹைட்ரொக்சைட்டா என்று லேபிளை வாசித்து வாங்குங்கள்.

500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு, உடுப்பு தோய்க்கிற கட்டியென்றால் 87 கிராம் கோஸ்ரிக். உடம்புக்கென்றால் 73 கிராம் போதும். கொஞ்ச எண்ணெய் மிஞ்சி நின்றால்தான் தோல் வறளாது. தண்ணீர் 180 கிராம். எல்லாம் தராசில்தான், கரண்டிக் கணக்கு சரிவராது. கோஸ்ரிக்கைத்தான் தண்ணீருக்குள் கொட்டவேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம், யன்னல் திறந்திருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். எங்கள் குசினிகளில் நிறைய இருக்கிற அலுமினியச் சட்டியைத் தொடவே கூடாது, காரம் அதை அரிக்கும். கரைசல் ஆறின பிறகு இளஞ்சூட்டு எண்ணெயில் ஊற்றி, கஸ்ரட் பதம் வரும்வரை அடித்து அச்சில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய்ச் சோப் சீக்கிரம் இறுகிவிடும், அதே நாளில் வெட்டிவிடலாம். பிறகு நாலு கிழமை காற்றில் காயட்டும்.

இந்தச் சோப் உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும், கப்பல்காரர் விரும்பியது அதனால்தான். யாழ்ப்பாணத்து உவர்க் கிணறுகளுக்கு இதைவிடப் பொருத்தமான சோப் இல்லை. டண்டினொங் தண்ணீரில் அது நுரைக்கிற நுரைக்கு, தோய்க்கிற மெசினில் போட்டால் கதவால் வழிந்துவிடும். கையால் தோய்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒடியல் மாவும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் இங்கே கடையில் வாங்கலாம். துணி தோய்க்கப் பனம்பழம் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அன்ரி வீட்டுக் குளியலறையில் ராணி சோப்தான். தேய்ந்து மெல்லிசாகிப்போன துண்டைப் புதுக் கட்டியின் முதுகில் ஈரத்தோடு அழுத்தி ஒட்டி வைத்திருப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அது ஏன் என்று விளங்குவதில்லை. கேட்டால், "அது அப்பிடித்தான்" என்பார்.