தணிகை மண்ணில் ஓர் எலுமிச்சை



சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா செல்லும் இருப்புப் பாதையில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னதாக வருவது திருத்தணி. ஊருக்கு மேலே குன்று. குன்றின்மேல் முருகன் கோயில். சினம் தணிந்த இடமாதலால் ‘தணிகை’ என்னும் பெயர் வந்தது என்பது கோயில் மரபு. மலையேறும் படிகள் 365. ஆண்டின் நாட்களை அவை குறிக்கும் என்பர்.

பொறுமையை இவ்வூர் தன் வரலாற்றிலும் கண்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. ம.பொ.சிவஞானம் முதலானோரின் எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகளும் போராடியவர்கள் கைகட்டி அமர்ந்திருக்கவில்லை. எல்லை மாறினாலும் மொழிகள் இரண்டும் இங்கே உறவாடுகின்றன. தமிழர் எலுமிச்சை என்பதைத் தெலுங்கர் நிம்மகாய என்பார்.

அந்த எலுமிச்சையும் பொறுமை கற்பிக்கும் ஓர் ஆசானே. வீட்டுக் கொல்லையில் விதையிட்டு வளர்த்த கன்று காய்க்க நான்கைந்து ஆண்டுகளேனும் ஆகும். தணிகைமலைப் படிகளை, நாளுக்கு ஒன்றாக, ஐந்து முறை ஏறி முடிக்கும் காலம் அது! பதியன் கன்று சற்று முந்திக்கொள்ளும். ஆனால் மூன்றாம் ஆண்டிலேயே, “முள்தான் இருக்கிறது, காயைக் காணோம்” என்று மரத்தை வெட்டிவிடுவோர் எத்தனை பேர்! இளமையில் முள் மிகுவது விதைக் கன்றின் இயல்பு. அதை வெட்டி வேறொன்றை நட்டால், முதற்படியிலிருந்தே மீண்டும் ஏற வேண்டும்.

பொறுமை என்றால் சும்மா இருப்பதன்று. ‘ஸப்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வேரிலேயே தன்னைக் கட்டுப்படுத்திக் கொள்ளுதல் என்னும் பொருள் உண்டு. தோட்டத்தில் கட்டுப்படுத்த வேண்டியது நம் கையை! அன்பு மிகுதியால் நாள்தோறும் நீரூற்றினால் அடிமரத்தில் ஈரம் தங்கும். பட்டை வெடித்துப் பிசின் கசியும். மரமே பட்டுப் போகலாம். எலுமிச்சையின் உணவு வேர்கள் மேல்மண்ணில் படர்பவை. ஆழக் கொத்தினால் அவை அறுபடும்.

ஒளுச் செய்யும் நீரில் சவர்க்காரம் கலப்பதில்லை. கோடையில் தண்ணீர் அரிதான இப்பகுதிகளில் அதனை வீணாக்காமல் மரத்திற்கு விடலாம். ஆனால் அடிமரத்தைச் சுற்றி மண்ணை மேடாக்கி, சற்றுத் தள்ளி வட்டப் பாத்தி கட்டி, அதில் விடுங்கள். மண் காய்ந்த பிறகே அடுத்த நீர்.

தளிரில் பறவை எச்சம்போல் ஏதேனும் தென்பட்டால் கூர்ந்து பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் இளம்புழுவாக இருக்கலாம். வளர்ந்தபின் அது பச்சை நிறமாகி இலையோடு இலையாய் மறைந்துவிடும். வீட்டு மரத்திற்கு மருந்து வேண்டாம். காலையில் கையால் பொறுக்கினாலே போதும். இலையிலும் காயிலும் சொரசொரப்பான பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அது சொறி நோய். அக்கிளைகளைக் கழித்து எரித்துவிடுங்கள்.

பூத்த பின்பும் ஒரு சோதனை உண்டு. பூக்களில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். மனம் தளர வேண்டாம். தான் தாங்கக்கூடிய காய்களையே மரம் வைத்துக்கொள்ளும். பூ பழமாக ஏறத்தாழ ஐந்தாறு மாதங்கள் ஆகும்.

மரம் நடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தர்மங்களுள் ஒன்றாகவே எண்ணினார்கள். அதில் மனிதர் உண்டாலும் பறவை உண்டாலும் நட்டவருக்கு நன்மையே. ஆகவே, “இந்த வயதில் நட்டு யார் பறிப்பது?” என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளை பறித்தால் என்ன, அண்டை வீட்டார் பறித்தால் என்ன?

கோடை தணிந்து மழை தொடங்கட்டும். இரண்டரை அடிக் குழியில் மக்கிய எருவிட்டு, ஒரு கன்றை நடுங்கள். காய்க்கும் நாள் வரும், இன்ஷா அல்லாஹ்!