சேவற்களம்

வேல்ஸ் நாட்டின் தலைநகரான கார்டிஃபுக்கு அருகே சென்ற் ஃபகன்ஸ் என்றொரு பழைய பிரபு மாளிகை உண்டு. 1948 முதல் அதன் வளவில் திறந்தவெளி அருங்காட்சியகம் ஒன்று இயங்கி வருகிறது. இலண்டனில் வாழும் என் தமக்கையின் குடும்பத்தாருடன் அங்கு சென்றிருந்தபோது, மாளிகையைவிட என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது கூரை வேய்ந்த ஒரு சிறு வட்டக் கட்டடம்.

டென்பி நகரத்து விடுதியொன்றின் வளவில் 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சேவற்களம் அது. பெயர்த்தெடுத்து வந்து இங்கே மீள நிறுவியிருக்கிறார்கள். நடுவே வட்ட மேடை. சுற்றிலும் பார்ப்போர் நிற்கும் இடம். சேவல்களின் கால்களில் உலோக முள் பூட்டி, பந்தயம் கட்டிப் பொருதவிட்டார்கள். பிரபுக்களும் பாமரரும் சேர்ந்து களித்த ஆட்டம் இது. 1835ஆம் ஆண்டின் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய களங்களைத் தடைசெய்தது.

அந்த மேடையைப் பார்த்து நின்றபோது இலண்டனில் உள்ள இன்னொரு சேவற்களம் என் நினைவுக்கு வந்தது. எட்டாம் ஹென்றி மன்னன் வைற்ஹோல் அரண்மனையில் அமைத்த களம் அது. பின்னாளில் அது நாடக அரங்காயிற்று. அதன்பின் அவ்விடத்தில் அரச அலுவலகங்கள் எழுந்தன. சேவல்கள் போய் நெடுங்காலமாகியும் 'கொக்பிற்' என்ற பெயர் போகவில்லை. கோமறைக் கழகம் கூடியதும் அப்பெயரிலேயே வழங்கிய இடத்தில்தான். 1774 ஜனவரியில் பெஞ்சமின் பிராங்கிளினை நிற்கவைத்து வசைபாடியது அங்கேதான். பின்னர் பக்கத்திலேயே டவுனிங் வீதியில் கழகத்துக்கு மண்டபம் கட்டினார்கள். 2009 வரை அதன் நீதிக்குழு அங்கு அமர்ந்தது.

எங்கள் கோடீஸ்வரன் வழக்கும் அந்த நீதிக்குழுவின் முன் சென்றதே. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்ட தமிழ் எழுதுவினைஞர் அவர். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. வழக்காட முடியும் என்று 1969 டிசம்பரில் நீதிக்குழு தீர்ப்பளித்தது. ஆனால் தனிச் சிங்களச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியை அது முடிவுசெய்யவில்லை. இலங்கைக்கே திருப்பி அனுப்பிற்று. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பின்னர் விடை கூறவில்லை.

என் தந்தையாரும் ஓர் அரசாங்க எழுதுவினைஞரே. அந்தத் தீர்ப்பு வெளியான பத்திரிகை நறுக்கை நான்காக மடித்துத் தமது நியமனக் கடிதத்துடன் வைத்திருந்தார். அவருடைய மரணத்தின் பின்னரே அது என் கைக்கு வந்தது. மடிப்புகளில் எழுத்து அழிந்துபோயிருந்தது.

தமக்கையின் இளைய மகள் அந்த வட்ட மேடையைச் சுற்றி வந்து கேட்டாள்: "மாமா, எது வென்றது என்று எப்படித் தெரியும்?"

"மற்றது எழும்பாமற் கிடக்கும்" என்றேன்.

வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை. சேவல்களுக்காவது ஒரு முடிவு கிடைத்திருக்கிறது. எங்கள் வழக்கில் முடிவு வருமுன்னரே களத்தை மூடிவிட்டார்கள்.