பரணில் எட்டு ஈயச் சிப்பாய்கள்... பச்சைக் கோட்டுக்காரரை என்ன செய்வது?

உயரம் 54 மில்லிமீட்டர். ஆள்காட்டி விரலைவிடக் குட்டை. அதற்குள் தொப்பி, மீசை, நெஞ்சுக்குக் குறுக்கே வெள்ளை வார், பொத்தான், தோளில் துப்பாக்கி எல்லாம் இருக்கும். இப்படிப்பட்ட பழைய குட்டிச் சிப்பாய்களைத் தேடிப்பிடித்து, தூசி தட்டி, வண்ணம் பூசுவதற்கென்றே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. லென்ஸ் வைத்த விளக்கு, நாலே முடி உள்ள மாதிரி ஒரு பிரஷ், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. பார்க்கிறவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

திருவண்ணாமலையில் ஒரு வீட்டுப் பரணில் அப்படி எட்டு பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டு ஆயாவுக்கு 78 வயது. அவருடைய வீட்டுக்காரர் ஒருமுறை சென்னைக்குப் போனபோது மூர் மார்க்கெட்டின் பழைய சாமான் கடையில் வாங்கிவந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டியிருந்த அந்த மார்க்கெட் 1985-ல் தீயில் அழிந்துவிட்டது. சிப்பாய்கள் அதற்கு முன்பே அண்ணாமலையார் ஊருக்கு வந்து பிழைத்துக்கொண்டார்கள். வீட்டில் அவர்களுக்குப் பெயர் 'பட்டாளம்'. நவராத்திரி வந்தால் கொலுவின் கீழ்ப்படியில், செட்டியார் பொம்மையின் மளிகைக் கடைக்குக் காவலாக நிற்பார்கள். செட்டியார் கடைக்கு எதற்கு வெள்ளைக்காரன் காவல் என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டது பேரன்தான். சென்னையில் வேலை. ஊரடங்கு நாள்களில் பிளாஸ்டிக் பொம்மைகளுக்கு வண்ணம் பூசப் பழகியவர். போன வருடம் ஒரு சிப்பாயைத் திருப்பிப் பார்த்தபோது அடித்தட்டில் 'பிரிட்டன்ஸ்' என்ற எழுத்து இருந்தது. அப்புறம் அன்று இரவு அவர் தூங்கவில்லை.

பிரிட்டன்ஸ், லண்டன் கம்பெனி. 1893-ல் வில்லியம் பிரிட்டன் கண்டுபிடித்த ஒரு வித்தைதான் அதன் மூலதனம். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சின் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் உறைந்ததும், நடுவில் உள்ளதைச் சட்டென்று வெளியே கொட்டிவிட வேண்டும். கிடைப்பது உள்ளே வெற்றிடமான சிப்பாய். ஈயம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. அதுவரை இந்தச் சந்தையைக் கையில் வைத்திருந்த ஜெர்மனிக்காரர்கள் திணறிப்போனார்கள். இந்தச் சிப்பாய்களுக்காகவே எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், தரையில் படைகளை நிறுத்தி விளையாடும் விதிகளை 1913-ல் புத்தகமாகவே போட்டார். ஈயம் உடம்புக்கு ஆகாது என்பதால் 1966-ல் பிரிட்டனில் ஈயப் பொம்மைகளின் காலம் முடிந்தது.

உள்ளே வெற்றிடம் என்பதில் ஒரு சங்கடம் உண்டு. கீழே விழுந்தால் முதலில் போவது தலை. தலையும் கழுத்தும் ஓட்டை என்பதால் ஒரு தீக்குச்சியைச் செருகித் தலையை மறுபடி மாட்டிவிடுவார்கள். லண்டன் பிள்ளைகளுக்கும் தெரிந்த வைத்தியம் இது. திருவண்ணாமலைத் தாத்தாவுக்கும் யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது. எட்டாவது சிப்பாயின் கழுத்தில் இருப்பது தீக்குச்சிதான். ஒட்டு தெரியாமல் இருக்க, கேட்டுக்கு அடித்த எனாமல் பெயின்ட்டில் மீதியிருந்ததை எடுத்துத் தோள் முதல் இடுப்பு வரை பூசிவிட்டார். கேட் பச்சை. ஆகவே கோட்டும் பச்சை. மற்ற ஏழு பேரும் சிவப்பு.

இங்கேதான் வீட்டில் வாக்குவாதம் ஆரம்பம்.

ஆயாவின் கட்சி எளிமையானது. பொம்மை மங்கினால் கலர் கொடுக்க வேண்டும். காலம் காலமாகக் கொலு வீடுகளில் நடப்பது அதுதான். கோயிலிலும் கும்பாபிஷேகம் வந்தால் கோபுரத்துச் சுதைக்குப் புது வர்ணம் வரும். மலையடிவாரத்துப் பச்சையம்மன் கோயிலில் பெரிய பெரிய முனிகள் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறார்களே, நிறம் மங்கி உட்கார்ந்திருந்தால் யார் பயப்படுவார்கள்? "ஏழு பேருக்கும் நல்லா செவப்பு அடிச்சு வைடா" என்றார்.

சேகரிப்பாளர்கள் நேர் எதிர்க் கட்சி. கம்பெனியில் பூசிய பழைய பெயின்ட் கீறலும் தேய்மானமுமாக இருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு. மேலே புதுப் பூச்சு விழுந்தால் சேகரிப்புச் சந்தையில் அந்தச் சிப்பாயின் மதிப்பு போய்விடும். அதனால் இந்தப் பொழுதுபோக்கில் விவரம் தெரிந்தவர்கள், பெயின்ட் உதிர்ந்துபோனவற்றையோ, ஏற்கெனவே யாரோ பூசிக் கெடுத்தவற்றையோதான் கையில் எடுப்பார்கள். பழைய பூச்சைக் கரைத்து எடுத்து, பிரைமர் கொடுத்து, தண்ணீராகக் கரைத்த அக்ரிலிக்கை மெல்லிய பூச்சுகளாகப் போடுவார்கள். மடிப்புகளுக்குள் கறுப்புத் தண்ணீரை ஓடவிட்டால் நிழல் வரும். ஈரமில்லாத பிரஷால் மேடுகளில் மட்டும் வெளிர் நிறத்தைத் தேய்த்தால் வெளிச்சம் வரும். கடைசியில் வார்னிஷ். உயரம் இரண்டு அங்குலம்தான். ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும்.

ஆக, ஏழு சிவப்புக் கோட்டுக்காரர்களையும் தொடக்கூடாது. பச்சைக்காரரை மட்டும் கரைத்து, சிவப்பாக்க வேண்டும். பேரனின் கணக்கு இது. அவர் சரித்திரத்தையும் துணைக்கு அழைத்தார். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த படையை, கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை முதலில் செங்கத்திலும் பிறகு திருவண்ணாமலையிலும் எதிர்த்துத் தோற்கடித்தது. கம்பெனிக்காகச் சண்டை போட்டவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள். போட்டிருந்தது சிவப்புக் கோட்டு.

"நம்ம ஊர்ல சண்டை போட்டவன்கூட செவப்புதான் ஆயா."

"சண்டை போட்டவன் போயிட்டான். இது உங்க தாத்தா பூசுன பச்சைடா. அதைக் கரைச்சிட்டு வேற எங்க போயி அவர் கையைப் பார்க்குறது?"

பேரனிடம் பதில் இல்லை. ஏழு பேருக்கும் புது சிவப்பு கேட்டவரும் இதே ஆயாதான் என்பதை அவர் சுட்டிக்காட்டாமல் விட்டது புத்திசாலித்தனம்.

போரில் நின்றவனைச் சின்னதாகச் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்வது இந்த வட்டாரத்துக்குப் புதிதுமல்ல. செங்கம் பகுதி நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எடுத்தனூரில் ஒரு கல். மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு ஒரு நாயும் இருக்கிறது. நாயின் பெயரையும் 'கோவிவன்' என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். 1,400 வருடங்கள் ஆகப்போகிறது. கோவிவன் என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது.

பட்டாளம் விஷயத்தில் அவசரமாகச் செய்ய வேண்டியது வேறொன்று இருந்தது. ஆயாவின் கொள்ளுப்பேத்திக்கு இப்போது 2 வயது. எதைப் பார்த்தாலும் வாய்க்குள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கக்கூடும். கீழ்ப்படிக் காவல் அன்றோடு ரத்து. மரப்பெட்டியும் ஆகாது. சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து ஈயத்தை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். அதனால் எட்டு பேரும் மூடி போட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறியிருக்கிறார்கள். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், உப்புத்தாள் தேய்க்கவே கூடாது, பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கக் கூடாது என்பது பேரன் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். மென்மையான பிரஷால் தூசி எடுத்ததோடு சரி. பச்சைக்காரர் பச்சையாகவே இருக்கிறார்.

பூச வேண்டும் என்ற அரிப்பு மட்டும் போகவில்லை. பூச்சில்லாத மண் பொம்மைகளாக ஒரு பேண்டு வாத்தியக் குழுவை வாங்கிவந்தார். சிவப்பு ஆயாவின் தேர்வு. கண்ணில்தான் மறுபடி தகராறு. சிப்பாய் பொம்மை பூசுகிறவர்கள் பலரும் கண்ணை முதலில் வைப்பார்கள். பிசகினால் முகத்தைத் திருத்திக்கொள்ளலாம். நம் ஊர்ப் பழக்கத்தில் கண் திறப்பது கடைசி. கை நடுங்கினாலும் அதைத் தான்தான் செய்வேன் என்று ஆயா சொல்லிவிட்டார். தாரை, தப்பட்டை, டிரம் எல்லாம் காய்ந்து தயாராக இருக்கின்றன. ஆறு பேருக்குக் கண் இன்னும் பாக்கி.