வெறும் டிஸ்க் என்று யார் சொன்னது?

மே விடுமுறையில்தான் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளின் கணினி லேப்கள் எங்கள் கைக்கு வரும். ஜூனில் வகுப்பும் மழையும் சேர்ந்தே தொடங்கிவிடும். அதற்குள் எல்லாக் கணினியிலும் லினக்ஸ் ஏறியிருக்க வேண்டும். நெட்வொர்க்கில் பூட் செய்து கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய ஒரே கிக்ஸ்டார்ட் ஃபைலைக் கொடுத்துவிட்டால் வேலை தானாக நடக்கும். பெட்டி பிரித்த புது ஹார்ட் டிஸ்க் உள்ள கணினி மட்டும் பாதியில் நிற்கும். பார்ட்டிஷன் டேபிள் இல்லையே, இதைப் புதிதாகத் துவக்கலாமா என்று ரெட் ஹாட்டின் இன்ஸ்டாலரான அனகோண்டாவின் பழைய பதிப்பு கேட்டுவிட்டுக் காத்திருக்கும்.

இந்தக் கேள்வி வராமலிருக்க, ஃபைலில் ‘ஜீரோஎம்பிஆர்’ என்று ஒரு வரி போதும். செல்லாத டேபிளோடு கண்ணில் படும் டிஸ்க்குகள் அத்தனையையும் அது துவக்கிவிடும். அந்த ‘அத்தனையையும்’தான் எனக்குப் பயம். எம்பிஆர் முறையில் டேபிள் என்பது டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் இருக்கும் 64 பைட். அந்தச் செக்டரின் கடைசி இரண்டு பைட் அதற்கு முத்திரை. இதைப்போன்ற அடையாளம் ஏதும் தெரியாவிட்டால் இன்ஸ்டாலருக்கு அது வெறும் டிஸ்க். ஹெடர் இல்லாமல் டிஎம்-கிரிப்ட்டால் முழுசாகப் பூட்டிய டிஸ்க்கில் ஒரு துறையின் தேர்வு ஆவணங்கள் எல்லாம் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் வெறும் டிஸ்க்தான்.

ஆகவே எந்த டிஸ்க் என்று நாமே சொல்லிவிட வேண்டும். ‘இக்னோர்டிஸ்க்’ வரியில் ‘ஒன்லி-யூஸ்’ போட்டு ‘எஸ்டிஏ’ என்று எழுதுவது வழக்கம்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. செருகிய பென்டிரைவே எஸ்டிஏ ஆகிவிடும். என்விஎம்இ டிஸ்க்குக்கோ பெயரே வேறு. அதனால் நிறுவல் தொடங்கும் முன் ஓடும் ‘ப்ரீ’ பகுதியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். இந்த வேலையில் நான் ஆசையோடு திரும்பத் திரும்பச் செதுக்குவது அதைத்தான். கழற்றக்கூடிய சாதனமா என்று கெர்னலைக் கேட்டால் மட்டும் போதாது. பென்டிரைவ் ‘ஆம்’ என்னும். பேக்கப்புக்காக ஆசிரியர் மாட்டி வைத்த யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே சொல்லும். எந்த வழியாக இணைந்திருக்கிறது, கொள்ளளவு என்ன என்பதையும் பார்த்தே ஸ்கிரிப்ட் முடிவு செய்யும்.

பழைய டிஸ்க்கில் தொல்லை வேறு விதம். முதல் சில செக்டர்களைப் பூஜ்யமாக்கினால் துடைத்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் ஜிபிடி தன் நகலை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கிறது. சில ரெய்டு முத்திரைகளுக்கும் இடம் அதுதான். மறுபடி பூட் செய்யும்போது பழைய ரெய்டு எழுந்து வந்து டிஸ்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரெய்டை நிறுத்தி, ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் பிறகு முழு டிஸ்க்கிலும் ‘வைப்எஃப்எஸ்’ ஓட்டினால் அந்த முத்திரைகள் போகும்.

சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் வழி வந்தது. அந்தக் குடும்பத்தில் கிக்ஸ்டார்ட்டுக்குப் பதில் ப்ரீசீட் ஃபைல். டிஸ்க்கின் பெயரும் ‘புது லேபிள் எழுதலாமா’ என்பதற்கான சம்மதமும் தனித்தனி வரிகள். பெயரை உறுதி செய்யாமல் சம்மத வரியை நான் எழுதுவதில்லை. கிக்ஸ்டார்ட்டிலும் அதே கட்டுப்பாடுதான்: தகுதியான டிஸ்க் ஒன்றே ஒன்று கிடைத்தால்தான் ஸ்கிரிப்ட் மேலே போகும். இரண்டு தென்பட்டால் இரண்டின் மாடலையும் சீரியல் எண்ணையும் திரையில் காட்டிவிட்டு, எதையும் எழுதாமல் நின்றுவிடும்.